சம்பந்திகளின் பெயர்ச் சேவையகம்

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில், குஞ்சிதபாதத்தின் பாத்திரக் கடைக்கு மேலே இருந்த அறையில் திட்டக்குழு முதன்முறையாகக் கூடியபோது, அது விவாதித்த முதல் பொருள், திரையின் இடது மூலையில் இடம்பெற வேண்டிய பிள்ளையார் வலம்புரியா இடம்புரியா என்பது. வலம்புரி என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு முற்பகல் செலவாயிற்று. எதற்காக அந்தத் திரை, அதை யார் பயன்படுத்துவார்கள், பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்ற கேள்விகள் காபிக்குப் பிறகு எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவிக்கப்பட்டது. காபி வந்தது. கேள்விகள் வரவில்லை.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. மேட்டூர் திறக்கவில்லை, குறுவை இல்லை. பித்தளைக்கு மதிப்பில்லாமல் போனதால் குஞ்சிதபாதமும், அரைக்க நெல் வராததால் தஞ்சாவூர் அரிசி ஆலைக்காரர் ரெத்தினமும் கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தார்கள். குஞ்சிதபாதத்தின் மகளை ரெத்தினத்தின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மணமக்கள் நியூ ஜெர்சியில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த ரித்விக்கின் பெயரையே சம்பந்திகள் தங்கள் நிறுவனத்துக்கு வைத்தார்கள். ரித்விக் இன்ஃபோடெக் என்ற பலகை கும்பகோணத்தில் ஒன்றும் தஞ்சாவூரில் ஒன்றுமாக, ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில் மாட்டப்பட்டது. அந்தப் பொருத்தத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அதில் ஒளிந்திருந்த எச்சரிக்கையைக் காணவில்லை.

நிறுவனத்தின் வேலை எளியது. பட்டுக்கடை, மெட்ரிகுலேஷன் பள்ளி, வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் டிராவல்ஸ் என்று இணையத்தில் தமக்கென்று ஒரு பெயர் வேண்டும் என ஆசைப்பட்டவர்களுக்கு அது பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெயரை யாராவது தட்டினால், அது எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் கணிப்பொறிக்குப் பெயர்ச் சேவையகம் என்று பெயர். எல்லாரும் சர்வர் என்றார்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்று பதில் சொல்வதற்காக இரண்டு சர்வர்கள் வேண்டும். மாற்றங்களை ஒன்றில்தான் எழுதுவார்கள். மற்றது அதைப் பார்த்துப் படி எடுத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்வதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. ஏற்றுக்கொள்வதற்கு என்ன தேவை என்பது இன்றுவரை தெரியவில்லை.

மாற்றங்களையெல்லாம் அதுவரை கையால் எழுதிவந்தவள் அறிவுமதி. வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அவளுடைய தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண். அவள் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் ஒரு பட்டுக்கடைக்கு மறுநாள்வரை மின்னஞ்சல் வராது. ஆகவே வாடிக்கையாளர்களே எந்த பிரவுசிங் சென்டரிலிருந்தும் உள்ளே நுழைந்து தங்கள் பெயர்களைப் பார்த்துக்கொள்ளும்படி, இணையத்தின் வழியே இயங்கும் நிர்வாகக் கருவி ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் நல்லது. அதைச் செய்ய அமர்த்தப்பட்ட சுஹைபும் நல்ல வேலைக்காரன்.

சுஹைப் கூத்தாநல்லூர்க்காரன். பெங்களூரில் அவன் வேலை பார்த்த நிறுவனம், அமெரிக்கச் சந்தை சரிந்தபோது ஒரே வெள்ளிக்கிழமையில் நாற்காலிகளை விற்றுவிட்டு மூடியது. ஊருக்குத் திரும்பியவனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஷார்ஜாவில் தாய்மாமன் துணிக்கடை வைத்திருந்தார். கடை விசா தயாராக இருந்தது. அது காலாவதியாவதற்குள் விமானம் ஏற வேண்டும். மற்றொன்று, அதே ஷார்ஜாவில் இருந்த ஓர் இணைய நிறுவனம். அதன் மேலாளர் அதிராம்பட்டினத்து சலாஹுதீன், சான்றிதழ்களைத் தான் பார்ப்பதில்லை என்றும், சுஹைப் செய்த கருவி ஏதாவது உண்மையான சர்வர்களில் ஓடுவதைக் காட்டினால், தானே நுழைந்து பார்த்து, பிடித்திருந்தால் அன்றைக்கே விசாவுக்கு எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். கருவி ஓடினால் பொறியாளன். ஓடாவிட்டால் மாமன் கடையில் துணி மடிப்பவன். கும்பகோணத்தில் கிடைத்த சொற்பச் சம்பளத்துக்கு சுஹைப் சம்மதித்தது இதற்காகத்தான்.

அவனுடைய தந்தை ஹாஜா மைதீன், புரூணையில் மளிகைக் கடை ஒன்றில் நின்றே வயதைக் கழித்துவிட்டு வந்தவர். மகன் கடை விசாவைத் தொடாமல் வைத்திருப்பதை அவர் ஒரே ஒருமுறை குறிப்பிட்டார்.

"நான் கடையில நின்னுதான் ஒன்னப் படிக்க வச்சேன். கடைன்னா அவ்வளவு கேவலமாப் போச்சா?"

இல்லை அத்தா என்றான் சுஹைப். அவர் நம்பவில்லை. அவனும் நம்பும்படி சொல்லவில்லை.

திட்டக்குழு வாரந்தோறும் கூடியது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை ஆலோசகராக அழைத்து வந்தார்கள். அவர் தடித்த திட்ட அறிக்கை ஒன்றை எழுதி, பெயர்ச் சேவையகம் என்பது கல்லணை போன்றது, அதிலிருந்து பிரியும் பெயர்கள் காவிரி, வெண்ணாறு, வாய்க்கால், கிளைவாய்க்கால் போன்றவை என்று விளக்கினார். அணையில் ஒரு துளி நீர் இல்லாத ஆண்டில் இந்த உவமை எழுதப்பட்டது என்பதை அவரும் உணரவில்லை, கைதட்டியவர்களும் உணரவில்லை. இரண்டு அமைப்புகளுக்கும் உண்மையில் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கடைமடையில் இருப்பவன் கேட்பதை மேலே யாரும் காதில் வாங்குவதில்லை. அந்த ஒற்றுமை அறிக்கையில் இடம்பெறவில்லை.

வாடிக்கையாளர் பட்டியலை அகரவரிசையில் வைக்கலாம் என்று சுஹைப் சொன்னபோது, ஒரு சாதாரண ஜெராக்ஸ் கடை பெரிய பட்டு மாளிகைக்கு மேலே வருவதா என்று கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும் முறையில் போடலாம் என்று முடிவாயிற்று. அந்த முறையை நிரலாக எழுத முடியாது என்பதால், யார் யாருக்கு மேல் என்பதை மாதந்தோறும் குஞ்சிதபாதம் கையால் அடுக்கித் தருவார் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. கைவேலையை ஒழிப்பதற்காகத் தொடங்கிய திட்டத்தில் முதலில் உருவான கைவேலை அது. சுஹைப் சரி என்றான். பிள்ளையாருக்கும் சரி என்றிருந்தான். பட்டியல் எப்படி இருந்தால் என்ன, கருவி ஓடினால் போதும் என்பது அவன் எண்ணம்.

பிறகு இரண்டு சர்வர்களின் முறை வந்தது.

கும்பகோணத்து இயந்திரத்தில் எழுதப்படும், தஞ்சாவூரில் இருப்பது படி எடுத்துக்கொள்ளும் என்று சுஹைப் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினான். படி எடுக்கும் சர்வருக்கு அந்த மென்பொருள் தன் மொழியில் வைத்திருந்த 'ஸ்லேவ்', அதாவது அடிமை, என்ற பெயரை மட்டும் அவன் தமிழில் சொல்லவில்லை. அவனுக்கு அந்த அளவு விவேகம் இருந்தது. 'இரண்டாவது சர்வர்' என்று மட்டும் சொன்னான். ரெத்தினம் அம்புக்குறியை நீண்ட நேரம் பார்த்தார். சுஹைப் மறுபடியும் விளக்கத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தம்பி, புரியலன்னு நெனைச்சுக்காதீங்க. நல்லாப் புரியுது. அவரு எழுதுவாரு, நான் பாத்து எழுதிக்கணும். அதானே?"

"நீங்க எழுத வேணாங்க. மிஷினே எழுதிக்கும்."

"மிஷின் யாரு எடத்துல இருக்கு?"

இதற்குத் தொழில்நுட்பத்தில் பதில் இல்லை. சுஹைப் அம்பைத் திருப்பிப் போட்டான். தஞ்சாவூரில் எழுதி, கும்பகோணம் படி எடுத்தாலும் வேலை அதேதான் என்றான். இப்போது குஞ்சிதபாதத்தின் முகம் மாறியது. நிறுவனத்துக்கு அதிகப் பணம் போட்டவர் அவர். இணையத்துக்கான வாடகைக் கம்பி இணைப்பு முதலில் வந்ததும் அவர் கடை மாடிக்குத்தான். ரெத்தினம் எழுந்து வெற்றிலை போடப் போன நேரம் பார்த்து அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"மாப்ள காலத் தாம்பாளத்துல வச்சுக் கழுவுனேன். அது சடங்கு, ஒரு நாளோட போச்சு. தெனமும் கழுவ முடியுமா தம்பி?"

நியூ ஜெர்சிக்கு எழுதிக் கேட்டார்கள். மாப்பிள்ளை அங்கே இதே துறையில், இவர்கள் கனவிலும் காணாத அளவு சர்வர்களைப் பராமரிப்பவர். அவருடைய நிபுணத்துவம் முழுவதும் திரண்டு ஒரு வரியாக வந்து சேர்ந்தது: இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேசினார்கள். வாரங்கள் போயின. ஷார்ஜாவிலிருந்து சலாஹுதீன், கருவி எப்போது தயாராகும் என்று கேட்டு எழுதினார். கூத்தாநல்லூரில் தாய் ஆமினா, மாமன் மறுபடியும் போன் செய்ததை மகனிடம் சொல்லாமல் சொல்லும் விதமாகப் பெட்டி ஒன்றைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அன்றுதான் சுஹைபுக்கு ஒரு வழி தோன்றியது. கும்பகோணத்திலிருந்து நுழைந்தால் திரையில் கும்பகோணம்தான் 'முதல் சேவையகம்'. தஞ்சாவூரிலிருந்து நுழைந்தால் தஞ்சாவூர்தான் 'முதல் சேவையகம்'. உள்ளே எல்லாம் பழையபடி: தஞ்சாவூரில் தட்டுவதும் கும்பகோணத்துக்குப் போய்ப் பதிந்து, படியாகத் திரும்பி வரும். தலைப்பை மட்டும் மாற்ற வேண்டும். அது ஒரு மாலை நேரத்து வேலை.

அறிவுமதிக்கு அதைக் காட்டினான். அவள் இரண்டு திரைகளையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க ஊரு திருவிழாவுல ரெண்டு தெருவுக்கும் ஒரே நேரத்துல விபூதி குடுக்கணும்னு பூசாரி ரெண்டு கையிலயும் தட்ட வச்சுக்கிட்டு நிப்பாரு, சார். அவரு கை நடுங்கும். எங்க தெரு அந்த ரெண்டுலயும் கெடையாது. அதனால நாங்க நின்னு நல்லா வேடிக்க பாப்போம்."

"இது தப்புங்கிறீங்களா?"

"முடியாதுன்னு சொல்லிட்டா ஒரு திட்டோட போயிடும். நீங்க பூசாரி வேல பாக்குறீங்க. பாருங்க."

முடியாது என்ற சொல்லை சுஹைப் அறியாதவன் அல்லன். பெங்களூரில் அந்தச் சொல்லை முதலில் உச்சரித்தவர்களே முதலில் வெளியேற்றப்பட்டதை அவன் கண்டிருந்தான்.

திறப்பு விழாவில் இரண்டு குத்துவிளக்குகள் ஏற்றப்பட்டன. கருவி ஓடியது, நன்றாகவே ஓடியது. பள்ளிக்கூடத்து எழுத்தரும் டிராவல்ஸ் பெண்ணும் தாங்களே நுழைந்து தங்கள் பெயர்களை மாற்றிக்கொண்டார்கள். அறிவுமதியின் தொலைபேசி அடங்கியது. சலாஹுதீன் நாள் குறித்தார். அவர் ஷார்ஜாவிலிருந்தே கருவிக்குள் நுழைந்து ஒரு பெயரை எழுதிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் விசா. கடை விசா காலாவதியாக இன்னும் நாட்கள் இருந்தன. சுஹைப் பல மாதங்களுக்குப் பிறகு தந்தையோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

அந்த வாரத்தில் ரெத்தினம் தம் ஆலைக்கு ஒரு புதிய பெயரை, தம் கையால், தம் சர்வரில் எழுதத் தீர்மானித்தார். நல்ல நேரம் பார்த்து, பூ வைத்து, உறவினர் சூழ அமர்ந்து தட்டினார். அந்த நேரத்தில் கும்பகோணத்தில் சாலை தோண்டியவர்கள் இணையக் கம்பியை வெட்டியிருந்தார்கள். தஞ்சாவூர்த் திரையில் அழகான, பிழையற்ற தமிழில் ஒரு செய்தி தோன்றியது: கும்பகோணத்திலிருந்து பதில் இல்லை. பதில் வந்த பின் மீண்டும் முயலவும்.

அந்தச் செய்தியை எழுதியவன் சுஹைப்தான். பயனருக்கு நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று அவன் படித்திருந்தான். தலைப்பில் பொய் சொன்னவன், பிழைச்செய்தியில் மட்டும் உண்மையைச் சொன்னான். அந்த இரண்டில் ஒன்றையாவது செய்யாமல் இருந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

மறுநாள் காலை ரெத்தினம் கும்பகோணம் வந்தார். பாத்திரக் கடையில், அண்டாக்களுக்கு நடுவே போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். காபி வந்தது. தொடவில்லை. டபராவில் ஆடை படியும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்; மழை பெய்யவில்லை. சம்பந்தி வீட்டில் காபி ஆறிப்போவது எப்பேர்ப்பட்ட செய்தி என்பதை அந்தத் தெருவில் யாரும் விளக்கத் தேவையில்லை. கடைசியில் ரெத்தினம் சொன்னார்.

"ஒங்க பொண்ண எங்க வீட்ல யாருக்கும் கீழ வச்சதில்ல. எங்கள நீங்க எங்க வச்சிருக்கீங்கன்னு ஒங்க மிஷினே சொல்லிடுச்சு."

மாடிக்கு ஏறி வந்த குஞ்சிதபாதம், இரண்டு சர்வரையும் நிஜமாகவே முதல் சர்வராக்கிவிடும்படி சுஹைபிடம் சொன்னார். படி எடுக்கிற வேலையே கூடாது. அவர் அவருடையதில் எழுதட்டும், நான் என்னுடையதில் எழுதுகிறேன். சுஹைப் என்ன ஆகும் என்று விளக்கினான். ஒரே பெயருக்கு உலகத்தில் இரண்டு பதில்கள் கிடைக்கும். யாருக்கு எது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குஞ்சிதபாதம் பொறுமையாகக் கேட்டார்.

"சம்பந்திங்க தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணத்தானே எழுதப் போறோம்?"

அவன் மறுத்திருக்கலாம். ஆனால் சர்வர்கள் அவர்களுடையவை; மறுத்தால் சலாஹுதீன் குறித்த நாளில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த நாள்வரை ஒருவரும் எதையும் எழுதாமல் இருந்துவிட்டால் போதும் என்று அவன் கணக்குப் போட்டான். தஞ்சாவூர்க் கருவியையும் அதன் சர்வரையும் அறுத்துத் தனியே விட்டான். அதற்குச் சில வரிகளே தேவைப்பட்டன. கெடுப்பதற்கு எப்போதும் குறைந்த வரிகளே போதும். அறிவுமதி பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்ப்பதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது. ஆனால் அன்று அவள் சிரிக்கவில்லை.

சம்பந்திகள் ஒன்றையே எழுதினார்களா? ரித்விக்குக்குக் காதுகுத்து வந்தது. பேரன் நியூ ஜெர்சியிலிருந்து வருகிறான். அழைப்பிதழை இணையத்தில் போட்டார்கள். கும்பகோணத்துச் சர்வரில் அந்தப் பெயர், தாய்வழித் தாத்தா அழைக்கிற பக்கத்துக்குப் போனது. காதுகுத்து தாய்மாமன் மடியில் நடப்பது, ஆகவே முதலில் வர வேண்டியது தம் வீடு என்பது குஞ்சிதபாதத்தின் வாதம். தஞ்சாவூர்ச் சர்வரில் அதே பெயர், தந்தைவழித் தாத்தா அழைக்கிற பக்கத்துக்குப் போனது. பிள்ளை யாருடைய வம்சம் என்பது ரெத்தினத்தின் வாதம். மண்டபமும் வேறு வேறு. சிங்கப்பூரில் இருந்த உறவினர் ஒருவர் காலையில் கும்பகோணத்துக்கும் மாலையில் தஞ்சாவூருக்கும் அழைக்கப்பட்டு, தம் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டதாக எண்ணி அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்.

சுஹைப் இதைப் பார்த்தான். கருவியின் சொந்த முகவரியையாவது ரெத்தினம் தொடாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டான். தமக்குக் கிடைத்த புதிய உரிமையை முழுவதும் அனுபவிக்காமல் விடுகிறவர் அல்லர் ரெத்தினம். தம் வாடிக்கையாளர் எதற்காகக் கும்பகோணத்து வாசலில் நுழைய வேண்டும் என்று, கருவியின் முகவரியையும் தஞ்சாவூர் இயந்திரத்துக்கு மாற்றச் சொல்லியிருந்தார். சலாஹுதீன் குறித்த நாளுக்கு முந்தின நாள் அது நடந்தது. சுஹைபுக்கு அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

மறுநாள் சலாஹுதீன் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, குழப்பம் இருந்தது.

"தம்பி, நான் இங்கேருந்து ஒரு பேரு எழுதுனேன். துபாய் பிராஞ்சுல பாக்கச் சொன்னா இல்லைங்கிறாங்க. கொஞ்சம் கழிச்சு நானே தொறந்தா எனக்கும் இல்ல. மறுபடி தொறந்தா இருக்கு. எது நெசம்?"

சுஹைபுக்குப் பல பதில்கள் தெரிந்திருந்தன. தற்காலிகக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த நேரத்தில் உண்மையே வந்தது.

"ரெண்டும் முதல் சர்வருங்க."



"ரெண்டுமா?" என்றார் சலாஹுதீன். பிறகு மிகவும் சாதாரணமாகக் கேட்டார். "யாரு தம்பி மாப்பிள்ள வீடு?"

"தஞ்சாவூருங்க."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கடல் தாண்டி வந்து, குளிரூட்டிய அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்தும் ஒரு கேள்வியிலேயே தஞ்சை மண்ணின் நோயைக் கண்டுகொண்ட மனிதரின் சிரிப்பு அது. சுஹைபும் சிரித்தான், நிம்மதியாகக்கூட இருந்தது. புரிந்துகொள்ளும் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நினைத்தான். சிரிப்பு ஓய்ந்ததும் சலாஹுதீன் கேட்டார்.

"இப்படி ஆகும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேங்க."

"சொல்லிட்டு?"

சுஹைப் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"சொல்லிட்டு செஞ்சு குடுத்துட்டீங்க," என்று அவரே முடித்தார். "தெரியாம செஞ்சிருந்தா நான் சொல்லிக் குடுத்துடுவேன் தம்பி. அது ஒரு மாச வேல. இங்க முதலாளிங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் மொத எடந்தான் வேணும். எனக்கு வேண்டியது முடியாதுன்னு சொல்ற ஒரு ஆளு. செஞ்சு குடுக்கிற ஆளு இங்க நெறைய இருக்காங்க. நானே ஒருத்தன்."

அவர் நல்ல மனிதர். ஊருக்கு வந்தால் கூத்தாநல்லூர் வழியாகப் போகும்போது அவசியம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

அன்று மாலையே குஞ்சிதபாதம் புதிய செய்தியோடு மாடி ஏறினார். இரண்டு பேருக்கும் தனித்தனியே முதல் சர்வர் இருப்பதை அறிந்த மாப்பிள்ளை, டாலர் அனுப்புகிறவன் தான் அல்லவா என்று கேட்டிருந்தார். நியூ ஜெர்சியிலும் ஒரு முதல் சர்வர் வைக்க வேண்டும்.

"முடியாதுங்க," என்றான் சுஹைப்.

 குஞ்சிதபாதம் கோபிக்கவில்லை, அதுதான் கொடுமை. இவனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்பதுபோல் பார்த்தார். சரியான சொல்தான். அதைச் சொன்னால் ஏதாவது பெற முடிந்த காலமெல்லாம் கழிந்து, இழக்க ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில் சொன்னான். அப்படிச் சொல்லப்படும் சொல்லுக்குத் துணிவு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. குஞ்சிதபாதம் பரிவோடு அவன் தோளைத் தட்டிவிட்டு, அறிவுமதியின் பக்கம் திரும்பினார்.

"நீ செஞ்சுடுவியாம்மா?"

"செஞ்சுடலாங்க," என்றாள் அறிவுமதி.

சுஹைப் அவளை ஏறிட்டுப் பார்த்தான். முடியாது என்று சொல்லச் சொன்னவள் அவள்தான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடை விசா காலாவதியாவதற்குச் சற்று முன்பு அவன் ஷார்ஜா போய்ச் சேர்ந்தான். மாமன் அன்பானவர். கஜக்கோலைப் பிடிப்பது எப்படி, துணியைக் கிழிப்பதற்கு முன் வாங்குபவரின் கண்ணை ஏன் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஹாஜா மைதீன் மகனோடு போனில் அதிகம் பேசினார். அவர்களுக்குள் இப்போது பேசப் பொதுவான தொழில் ஒன்று இருந்தது. ஒரு பிற்பகல், கடையில் ஆளில்லாத நேரம், மாமன் கணக்குப் பார்க்க வைத்திருந்த கணிப்பொறியில் சுஹைப் பழைய கருவியைத் திறந்தான். அவனுடைய கடவுச்சொற்களை யாரும் மாற்றவில்லை.

மூன்று திரைகள் இருந்தன. கும்பகோணம், தஞ்சாவூர், நியூ ஜெர்சி. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊரே முதல் சேவையகம். வலம்புரிப் பிள்ளையார் மூன்றிலும் இருந்தார். ரெத்தினத்தின் திரையில் நுழைந்து ஒரு பெயரை எழுதிப் பார்த்தான். பதில் உடனே வந்தது: தங்கள் உத்தரவு ஏற்கப்பட்டது. நியூ ஜெர்சித் திரையில் எழுதினான். தங்கள் உத்தரவு ஏற்கப்பட்டது. வேறெந்தச் செய்தியும் அந்தக் கருவியில் இப்போது இல்லை. பிறகு அவன் அந்தப் பெயர்களை உலகத்தின் பக்கமிருந்து கேட்டுப் பார்த்தான். இரண்டும் பதியவே இல்லை. உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர்களைக் கேட்டான். எத்தனை முறை கேட்டாலும், எந்த வழியாகக் கேட்டாலும் ஒரே பதில் வந்தது. எழுதப்படுவது ஒரே இடத்தில், மற்றவை படி. கருவியின் நிரலைத் திறந்து பார்த்ததும் விளங்கியது: பெரிய மனிதர்கள் தட்டுவதெல்லாம் அறிவுமதியின் மேசைக்கு வந்து, அவள் சரியென்று கண்டால் மட்டும் உள்ளே போயிற்று.

ஏன் இப்படிச் செய்தாள் என்று அவளுக்கு எழுதிக் கேட்டான். அவள் பதில் எழுதினாள்: 'நீங்கள் பாதிப் பொய் சொன்னீர்கள் சார். அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு.'

அழைப்பிதழ் இருந்த பெயரில் இப்போது காதுகுத்துப் படங்கள் இருந்தன. அவளே போட்டிருக்க வேண்டும். தாய்வழி, தந்தைவழி என்ற தலைப்பு எதுவும் இல்லை. வலது காதைத் தஞ்சாவூர் மண்டபத்தில் குத்தியிருந்தார்கள். இடது காதைக் கும்பகோணத்தில். இரண்டு படங்களிலும் அதே மொட்டைத் தலை, அதே சந்தனம். குழந்தை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அழுதுகொண்டிருந்தது.

கடைக்குள் யாரோ நுழையும் மணி அடித்தது. மாமன் பின்னறையிலிருந்து குரல் கொடுத்தார். சுஹைப் திரையை மூடிவிட்டு, காலையில் பிரித்துப் போட்டிருந்த சீட்டித் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.